ஜோயா பெடலில் சொந்த பேட்ச்: கேள்வி பதில்

கனடாவின் எம்ப்ரஸ் நிறுவனம் செய்யும் ஜோயா, கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட் பெடல். டிலே (எதிரொலி), ஃபில்டர் (ஒலியை வடிகட்டுவது), எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு அலை) என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக, சிறுசிறு மாட்யூல்களைக் கையில் கொடுத்துவிடும். எதை எதோடு இணைப்பது என்பது நம் பாடு; அப்படி இணைத்து உருவாக்குவதுதான் பேட்ச். சென்னையில் அதை வைத்து வாசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, 40 பட்டனையும் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? (கொளத்தூர்)

ஆடியோ இன்புட், ஆடியோ அவுட்புட் இரண்டை மட்டும் வையுங்கள். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி இணையுங்கள். கிட்டார் கேட்கிறதா? சரி, அதுதான் உங்கள் முதல் பேட்ச். அப்புறம் நடுவில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொரு மாட்யூலைச் சேர்த்ததும் வாசித்துப் பாருங்கள். பத்தைச் சேர்த்துவிட்டு சத்தம் வரவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று தேடியே ராத்திரி போய்விடும்.

சர்ச்சில் வாசிக்கிறேன். ஸ்விட்சை மிதித்து டிலேயை நிறுத்தினால் எதிரொலியும் பட்டென்று அறுந்துபோகிறது. (வேளச்சேரி)

நீங்கள் டிலேக்குப் பின்னால், ஒலியைத் திறந்து மூடும் கதவை வைத்திருக்கிறீர்கள். அதை முன்னால் கொண்டுவாருங்கள். கிட்டாரை இரண்டு வழியாகப் பிரியுங்கள்: ஒன்று நேராக அவுட்புட்டுக்கு, இன்னொன்று ஒரு விசிஏ (ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல், அதுதான் நம் கதவு) வழியாக டிலேக்கு. டிலேயின் மிக்ஸை முழுக்க வெட் (எதிரொலி மட்டும்) பக்கம் திருப்பி, அதன் வெளியீட்டையும் அவுட்புட்டில் சேருங்கள். விசிஏவின் லெவல் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஸ்டாம்ப்ஸ்விட்சை (காலால் மிதிக்கும் ஸ்விட்ச்) அந்த லெவலோடு இணையுங்கள். வெளியிலிருந்து வரும் சிவி (மாட்யூலைக் கட்டுப்படுத்தும் சிக்னல்), பட்டனில் வைத்த மதிப்போடு கூட்டப்படும் என்பதால்தான் பூஜ்யம் முக்கியம். 1 வைத்துவிட்டால் கதவு மூடவே மூடாது. இந்த இடத்தில் சிக்காதவர்களை நான் பார்த்ததில்லை.

இப்போது மிதித்து அணைத்தால் புது ஸ்வரம் டிலேக்குள் போகாது; ஏற்கெனவே உள்ளே போனது தானாக அடங்கும். மிதிக்கும்போது 'டப்' என்று கேட்டால் ஸ்விட்சுக்கும் விசிஏவுக்கும் நடுவில் ஒரு ஸ்லூ லிமிட்டர் (திடீர் மாற்றத்தை மெதுவாக்கும் மாட்யூல்) போடுங்கள். ஒரு பாட்டின் கடைசி ஸ்வரம் கூடத்தில் மெல்லக் கரைவதைக் கேட்கும் சுகத்துக்காகவே இத்தனை இணைப்பும் தகும்.

சார், கல்யாணக் கச்சேரியில் வேகமாக லீட் வாசித்தால் டிலே எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறது. (வடபழனி)

மேலே சொன்ன பேட்சையே வையுங்கள். டிலேக்குப் பின்னால் இரண்டாவது விசிஏ ஒன்று, லெவல் 1. கிட்டாரை என்வலப் ஃபாலோயருக்கும் (வாசிக்கும் சத்தத்தின் அளவைச் சிவியாக மாற்றுவது) அனுப்பி, அதன் வெளியீட்டை சிவி இன்வெர்ட் (அந்தச் சிவியைத் தலைகீழாக்குவது) வழியாக இந்த லெவலில் சேருங்கள். நீங்கள் அழுத்தி வாசிக்கும்போது எதிரொலி தணியும், மூச்சு விடும் இடத்தில் மேலே வரும். எவ்வளவு தணிய வேண்டும் என்பதை இணைப்பின் சதவீதத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம்.

டிலே நேரத்தைத் தாளத்தோடு எப்படிப் பொருத்துவது? (மந்தைவெளி)

60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஒரு அடிக்கான மில்லி நொடி. 120-க்கு 500. அதன் முக்கால் 375, ஓடும் பாட்டுகளுக்கு நான் அதையே விரும்புவேன். திஸ்ர நடை என்றால் மூன்றில் ஒன்று, ஏறக்குறைய 167.

மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடினால் ஹம் வருகிறது. நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது ஒலியை மூடிவிடுவது) போதுமா? (தாம்பரம்)

போதாது. வாசிக்கும்போது கேட் திறந்துதானே இருக்கும், ஹம்மும் கூடவே வரும். ஐசோலேட்டட் பவர் சப்ளை (ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாக மின்சாரம் தருவது) வாங்குங்கள், ஆம்பையும் பெடலையும் ஒரே பிளக் பாயிண்டில் போடுங்கள். சிலர் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், கம்பியைத் தொட்டுக்கொண்டிருப்பது உங்கள் கை.

கமகம் வாசிக்கும்போது ஆக்டேவ் பிட்ச் ஷிஃப்ட் (ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மாற்றித் தருவது) பிசிறடிக்கிறது, அண்ணா. (பெரம்பூர்)

பிட்ச் ஷிஃப்டரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வையுங்கள். சுத்தமான ஒற்றை ஸ்வரம் போனால்தான் அது நன்றாக வேலை செய்யும். ஆனாலும் கொஞ்சம் தாமதம் இருக்கும். அதனால் நேர் ஒலியைப் பெரிதாகவும் ஆக்டேவை அடியில் மெலிதாகவும் விடுங்கள். கமகத்தின் வளைவைக் காது நேர் ஒலியிலிருந்து எடுத்துக்கொள்ளும். தோடி மாதிரி ஆழமாக அசையும் ராகம் என்றால், நான் ஆக்டேவை அணைத்துவிட்டுத்தான் வாசிப்பேன்.