ஒரு வெள்ளைக்காரனுக்கு எத்தனை சிப்பாய்?

கேள்வி: இந்தியாவுக்கு இத்தனை பிரிட்டிஷ் சோல்ஜர்கள் போதும் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? ரஷ்யா வந்துவிடும் என்ற பயமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அந்தப் பயமும் இருந்தது. 1885-ல் ஆப்கன் எல்லையில் பஞ்ச்தேயில் உரசல் வந்ததும் கூடுதலாகப் பத்தாயிரம் வெள்ளைக்காரர்களைக் கேட்டு வாங்கினார்கள். ஆனால் அடிப்படைக் கணக்கே வேறு, தாங்களே சம்பளம் கொடுத்து வைத்திருந்த சிப்பாயைப் பார்த்துப் பயந்து போட்ட கணக்கு அது.

1857-ல் சிப்பாய்க் கலகம் வெடித்தபோது வெள்ளைக்காரர்கள் நாற்பதாயிரம் சொச்சம், இந்தியச் சிப்பாய்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதைவிட மோசம், அந்த நாற்பதாயிரத்தை எங்கே நிறுத்தினார்கள் என்பது. பெரிய ஆயுதக் கிடங்கு இருந்த டெல்லியில் ஒரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட்கூட இல்லை! மே 10 ஞாயிறு மாலை மீரட்டில் கலகம் செய்து கிளம்பிய சிப்பாய்கள் மறுநாள் காலையில் டெல்லிக்குள் இருந்தார்கள். அப்புறம் இந்தியப் படையை எப்படி மாற்றியமைப்பது என்று ஆராய வந்த பீல் கமிஷன், வெள்ளைக்காரர்கள் 80,000 பேர் வேண்டும், வங்காளப் படையில் ஒருவருக்கு இரண்டு சிப்பாய்க்கு மேல் கூடாது, சென்னையிலும் பம்பாயிலும் மூன்று வரை போகலாம், பீரங்கி பெரும்பாலும் வெள்ளைக்காரன் கையில்தான் இருக்க வேண்டும் என்றது. சென்னைக்கு அந்தச் சலுகை, இங்குள்ள படை 57-ல் அநேகமாகச் சும்மா இருந்ததால்தான். 80,000 பேர் கிடைக்கவில்லை. அறுபதாயிரம் சொச்சத்தோடு நின்றுபோனது. அதனால் என்ன, சிப்பாய்களைக் குறைத்து விகிதத்தைச் சரிக்கட்டிவிட்டார்கள். ஆனாலும் பயம் போகவில்லை: ஞாயிறு சர்ச்சுக்குக்கூட சோல்ஜர்கள் துப்பாக்கியோடுதான் போனார்கள், அதைச் சாய்த்து வைக்க பெஞ்சிலேயே பள்ளம் வெட்டியிருந்தார்கள்.

கேள்வி: கணக்கு போட்ட பிறகும் ஏன் எப்போதும் ஆள் பஞ்சம்? (அதே வாசகர்)

பதில்: ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான். 1863-ல் வந்த சுகாதாரக் கமிஷன் அறிக்கைப்படி, இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பிரிட்டிஷ் சோல்ஜர்களில் 69 பேர் செத்தார்கள், சண்டையில் அல்ல, பெரும்பாலும் காலராவிலும் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும். உடம்பு கெட்டு ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தனி. அந்த இடங்களை நிரப்பவே வருடா வருடம் கப்பல் கப்பலாக ஆள் வர வேண்டியிருந்தது, அதுவும் வெயிலுக்குப் பயந்து குளிர்காலத்தில் மட்டும். 1870-களில் கார்ட்வெல் என்ற போர் அமைச்சர் பட்டாலியன்களை ஜோடி சேர்த்து, ஒன்று வெளிநாட்டில், மற்றது ஊரில் இருந்து ஆள் தயார் செய்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஜூலு யுத்தம், எகிப்து என்று வரிசையாக வந்ததில் ஊரில் இருந்த பாதியும் கப்பலேறிவிட்டது. இதில் எனக்கு எரிச்சல் ஏற்றுவது ஒன்றுதான்: அந்த ஆட்களுக்கு இங்கிலாந்தில் பயிற்சி கொடுத்த செலவைக்கூட தலைக்கு இத்தனை பவுண்டு என்று இந்தியக் கஜானாவிடமே வசூலித்தார்கள்.