மன்னருக்கும் இல்லை, கைசருக்கும் இல்லை

கேள்வி: அயர்லாந்தின் புதிய ஜனாதிபதி கேத்தரின் கானலியைப் பற்றிய கட்டுரையில் அந்நாட்டு இடதுசாரிகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தீர்கள். காசா என்றால் கண்ணீர், உக்ரைன் என்றால் நேட்டோவுக்கு வசவு. சொந்தமாக ஒரு போர் விமானம் கிடையாது. அமெரிக்கக் கம்பெனிகள் கட்டும் வரியில் பிழைப்பு. இந்த லட்சணத்தில் உலகத்துக்கே உபதேசம். இவர்களிடம் தமிழர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கானலிதான் எதைச் சாதித்துவிடப் போகிறார்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கோபமாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் நீங்கள் விட்ட அம்புகளில் பாதி விலாசம் தவறிப் போயிருக்கின்றன.

முதலில் கம்பெனி வரி. ஆப்பிள் நிறுவனத்துக்கு அயர்லாந்து கொடுத்த சலுகை சட்டவிரோதம், 1,300 கோடி யூரோவை வசூலித்துக்கொள் என்று 2016 ஆகஸ்டில் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. 2014இல் அந்நிறுவனத்தின் ஒரு துணைக் கம்பெனி பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு வெறும் 50 யூரோ வரி கட்டியது என்பது ஆணையத்தின் கணக்கு. வாசலுக்கு வந்த லட்சுமியை டப்ளின் அரசு என்ன செய்தது தெரியுமா? ‘எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம்’ என்று நீதிமன்றத்துக்குப் போனது. வாங்கு, வீடு கட்டு, மருத்துவமனை கட்டு என்று கத்தியவர்கள் ஒன்றுபட்ட அயர்லாந்து கேட்கும் சின் ஃபெயின் கட்சியும், பீப்பிள் பிஃபோர் பிராஃபிட் போன்ற சிறிய இடதுசாரிக் கட்சிகளும்தான். எட்டு ஆண்டு வழக்குக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்தைத் தோற்கடித்து அயர்லாந்துக்கே பணத்தைக் கொடுத்தது. அமெரிக்கக் கம்பெனிகளை நம்பிப் பிழைப்பது அந்நாட்டின் நோய் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நோயை வளர்த்தவர்கள் ஆளும் வலதுசாரிக் கட்சிகள். ‘ஐரோப்பாவை வெறுப்பவர்கள்’ என்று திட்டு வாங்கும் இடதுசாரிகள் இந்த வழக்கில் பிரஸ்ஸல்ஸ் (ஐரோப்பிய ஆணையத்தின் தலைமையிடம்) பக்கம் நின்றதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எந்த ராணுவக் கூட்டிலும் சேராத நடுநிலை. அது இடதுசாரிகள் கண்டுபிடித்த சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அதைக் கடைப்பிடித்த அன்றைய பிரதமர் டி வலேரா பழுத்த கத்தோலிக்கப் பழமைவாதி. ஹிட்லர் செத்ததும் ஜெர்மன் தூதரை நேரில் போய்ப் பார்த்து துக்கம் விசாரித்துவிட்டு வந்த அளவுக்கு அவருடைய நடுநிலை சுத்தமானது! 1949இல் நேட்டோவில் சேராததற்கும் காரணம் சமாதானக் காதல் இல்லை. வடக்கே ஆறு மாவட்டங்களை பிரிட்டன் வைத்திருக்கும்போது அதே பிரிட்டனோடு எப்படி ராணுவக் கூட்டு என்பதுதான் அன்றைய அரசின் பதில். இடதுசாரிகள் இந்த வலதுசாரிச் சொத்துக்குப் பிற்காலத்தில் வந்த காவலர்கள்.

காவல் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டீர்களானால், இல்லை. ஜெட் போர் விமானம் ஒன்றுகூட இல்லாத நாடு, பக்கத்து வீட்டு பிரிட்டனின் விமானப்படையை நம்பித்தான் தூங்குகிறது. அட்லாண்டிக் அடியில் அத்தனை தொலைத்தொடர்புக் கேபிள்கள் கிடக்க, கடற்படைக் கப்பல்கள் மாலுமிகள் இல்லாமல் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. சம்பளம் போதாமல் ஆட்கள் ஓடிவிடுகிறார்கள். தொழிலாளர் பிரச்சினையைப் பேசத் தெரிந்தவர்கள் இதையல்லவா முதலில் பேச வேண்டும்? ‘நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை’ என்று சொல்லிக்கொண்டு காவலைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் விடுவதற்கு நடுநிலை என்று பெயரில்லை. இந்த அம்பு தைத்திருக்கிறது.

இனி அவர்களுடைய அரசியலுக்கு வருவோம். ஐரிஷ் இடதுசாரிகள் ஐரோப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: எங்களைக் கேட்டாயா?

ரேமண்ட் கிராட்டி என்று ஒருவர் இருந்தார். விவசாயம் பார்த்துப் பிறகு பொருளாதார ஆய்வாளரானவர். ஐரோப்பிய ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மட்டும் நிறைவேற்றினால் போதாது, மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று வழக்குப் போட்டார். 1987இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் 2008இல் லிஸ்பன் ஒப்பந்தம் வந்தபோது, 27 நாடுகளில் அயர்லாந்து மட்டும் மக்களிடம் கேட்டது. மக்கள் ‘வேண்டாம்’ என்றார்கள். நடுநிலை, ஐரோப்பிய ஆணையத்தில் அயர்லாந்துக்கான கமிஷனர் பதவி பற்றிச் சில உறுதிமொழிகளைச் சேர்த்து அடுத்த ஆண்டே மறுபடி கேட்டார்கள். ‘சரி’ வந்தது, அதோடு கேள்வி முடிந்தது. 2001இல் நீஸ் ஒப்பந்தத்துக்கும் இதே கதைதான் நடந்தது. சரியான விடை வரும்வரை பரீட்சை.

2010 நவம்பரில் அந்தப் பரீட்சையும் இல்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் திரிஷே அயர்லாந்து நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார்: மீட்புக் கடனுக்கு விண்ணப்பிக்காவிட்டால் உங்கள் வங்கிகளுக்கு அவசர நிதி கிடையாது. கடிதம் வெளியே வர நான்கு ஆண்டுகள் ஆயின. சூதாடித் தோற்ற வங்கிகளைக் காப்பாற்ற அந்தச் சிறு நாடு கொட்டிய பணம் 6,400 கோடி யூரோ, தலைக்குக் கிட்டத்தட்ட 14,000 யூரோ. கார்க் மாவட்டத்தில் பாலிஹே என்ற கிராமத்தில் 2011 மார்ச்சிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு சிறு கூட்டம் பதாகை பிடித்து ஊர்ச்சாலையில் நடக்கத் தொடங்கியது. கட்சி இல்லை, தலைவர் வருகை இல்லை. கடன் பத்திரக்காரர்களுக்கு எங்கள் பணம் எதற்கு என்பதுதான் கோஷம். வாரம் தவறாமல் ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள்.

அந்த நேரத்தில் கட்சிகள் என்ன செய்தன? வங்கிகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்த 2008 வாக்கெடுப்பில் சின் ஃபெயின் ஆதரவாக வாக்களித்தது. இன்று அதை நினைவூட்டினால் அவர்களுக்குப் பிடிக்காது. அன்று எதிர்த்த தொழிற்கட்சி, ‘பிராங்பர்ட் வழியா, எங்கள் வழியா’ (ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் ஊர் அது) என்று முழங்கி 2011இல் 37 இடங்கள் வென்று, கூட்டணி ஆட்சியில் ஏறி, பிராங்பர்ட் வழியிலேயே சமர்த்தாக நடந்தது. 2016இல் மக்கள் கொடுத்தது ஏழு இடம். நான் தூக்கி வைத்தேன் என்கிறீர்கள். இவர்களை எந்தத் தோளில் தூக்குவது?

காசாவுக்குக் கண்ணீர் என்று கேலி செய்திருப்பதுதான் எனக்கு எரிச்சல். கண்ணீரோடு நிற்காத பழக்கம் அங்கே இருக்கிறது. 1984 ஜூலையில் டப்ளின் ஹென்றி தெருவில் ஒரு பெரிய கடையில் மேரி மேனிங் என்ற 21 வயது காசாளர் உட்கார்ந்திருந்தார். ஒரு வாடிக்கையாளர் இரண்டு கிரேப்ஃப்ரூட் பழங்களைக் கொண்டுவந்து வைத்தார். நம் பம்பளிமாஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி அந்தப் பழம். தென்னாப்பிரிக்காவில் விளைந்தது. தொழிற்சங்கம் அந்நாட்டுப் பொருளைத் தொடாதே என்று முடிவெடுத்திருந்ததால், பில் போட முடியாது என்றார் மேரி. உடனே வேலையிடை நீக்கம். கூட வேலை பார்த்தவர்களும் எழுந்து வெளியே வந்தார்கள். நிறவெறியைப் பற்றி அவர்களுக்கு அப்போது பெரிதாக எதுவும் தெரியாது. நிம்ரோட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கவாதி நாடு கடந்து டப்ளினில் இருந்தார். அவர் மறியலில் வந்து கூட நின்று சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. வேலைநிறுத்தம் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1987இல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதியை அரசு தடை செய்த பிறகே முடிந்தது. விடுதலையான மண்டேலா 1990இல் டப்ளின் வந்தபோது அவர்களைச் சந்தித்தார்.

இஸ்ரேலியக் குடியேற்றங்களின் பொருட்களைத் தடுக்க செனட்டர் பிரான்சஸ் பிளாக் 2018இல் கொண்டுவந்த மசோதா அந்தக் கல்லாப்பெட்டியிலிருந்து வந்ததுதான். அரசு அதை ஆண்டுக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு பொருட்களை மட்டும் தடுத்து சேவைகளை விட்டுவிடலாம் என்று பேரம் பேசியது. 2024 மே மாதம் பாலஸ்தீனத்தை அங்கீகரித்ததும் அதே அரசுதான். தெருவின் அழுத்தம் இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நீங்கள் நம்பினால் உங்கள் விருப்பம்.

உக்ரைன் விஷயத்தில் உங்களோடு சேர்ந்து நானும் கல்லெறிவேன். ஆனால் யார் மேல் என்று பார்த்து எறிவோம். சின் ஃபெயின், தொழிற்கட்சி, சமூக ஜனநாயகக் கட்சி மூன்றும் ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டித்து உக்ரைன் பக்கம் நின்றவை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2022 மார்ச் 1 அன்று அந்தப் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 637 பேர் கை தூக்கினார்கள், 13 பேர் எதிர்த்தார்கள். அந்த 13 பேரில் கிளேர் டேலி, மிக் வாலஸ் என்ற இரண்டு ஐரிஷ் இடதுசாரிகள் இருந்தார்கள். படையெடுப்பை எதிர்க்கிறோம், ஆயுத உதவியைத்தான் ஏற்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். 2024 தேர்தலில் இரண்டு பேரையும் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

1914இல் உலகப் போர் வெடித்தபோது, டப்ளின் லிபர்ட்டி ஹால் கட்டடத்தின் முகப்பில் தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலி (இவர் வேறு கானலி, 1916 கிளர்ச்சிக்காக பிரிட்டிஷாரால் நாற்காலியில் உட்கார வைத்துச் சுடப்பட்டவர்) ஒரு பதாகையைத் தொங்கவிட்டார். மன்னருக்கும் ஊழியம் செய்ய மாட்டோம், கைசருக்கும் (ஜெர்மன் பேரரசர்) செய்ய மாட்டோம், அயர்லாந்துக்கே செய்வோம் என்று அதில் எழுதியிருந்தது. மன்னரைத் திட்டுவது டப்ளினில் சுலபம். கைசரையும் சேர்த்து மறுப்பதில்தான் சிக்கல். ஸ்பெயினில் பிராங்கோவை எதிர்த்து ஐரிஷ் தொண்டர்களை வழிநடத்திய பிராங்க் ரயன் சிறைப்பட்டு, 1940இல் ஜெர்மானியர் கைக்கு மாற்றப்பட்டார். பிரிட்டனின் எதிரி நமக்கு உதவுவான் என்று பெர்லினில் காத்திருந்த, பிரிட்டனை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் தலைவர் ஷான் ரஸலோடு நாஜி நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார். ரஸல் வழியிலேயே செத்தார். பாசிசத்தை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய ரயன் 1944இல் ஹிட்லரின் டிரஸ்டனில் உயிர்விட்டார்.

எதிரிக்கு எதிரி என்ற கணக்கு என்ன விலை கேட்கும் என்று தமிழனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2009 மே 27, முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசின் முதுகில் தட்டிக்கொடுத்த தீர்மானத்துக்கு 29 நாடுகள் கை தூக்கின. அவற்றில் கியூபா, பொலிவியா, நிகராகுவா உண்டு. சே குவேரா படத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிந்த நம் இளைஞர்களுக்கு அன்று வாயடைத்துப் போனது. இந்தியாவும் அந்த 29இல் ஒன்று என்பதை நாம் மெதுவாகத்தான் சொல்வோம். எட்டு மாதம் கழித்து, 2010 ஜனவரியில், இலங்கை பற்றிய மக்கள் தீர்ப்பாயம் கூடியது டப்ளினில். சாட்சியங்களைக் கேட்டு, நடந்தவை போர்க்குற்றங்கள், மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று சொன்னது. என்ன கற்பது என்று கேட்டீர்களே, இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கானலி என்ன சாதிப்பார்? 2025 அக்டோபரில் 63 சதவீத வாக்கோடு வென்றார். வாக்களிக்க வந்தவர்களோ பாதிக்கும் குறைவு, அவர்களிலும் கணிசமானோர் சீட்டில் கிறுக்கிச் செல்லாத வாக்காக்கிவிட்டுப் போனார்கள். அயர்லாந்து ஜனாதிபதிக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது. ஆனால் ஒரு மசோதாவில் சந்தேகம் இருந்தால், தன் ஆலோசனைக் குழுவான அரசவையைக் கலந்து அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். பன்னிரண்டு பேருக்கு மேல் சிப்பாய்களை வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.நா. ஒப்புதல், அமைச்சரவை முடிவு, நாடாளுமன்ற ஒப்புதல் மூன்றும் வேண்டும் என்கிற ‘மூன்று பூட்டு’ அங்கே இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவின் வீட்டோ நம் சிப்பாயைத் தடுப்பதா என்று கேட்டு, ஐ.நா. பூட்டைக் கழற்ற அரசு மசோதா தயாரித்தது. கேள்வி நியாயமானதுதான். அதற்கு இடதுசாரிகள் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அந்தச் சட்டம் கையெழுத்துக்கு வரும் மேஜை கானலியுடையது.