வாசகர் கேள்வி – பதில்: புது போர்டு மாட்டியும் சலவை மெஷின் சரியாகவில்லையா?

எங்கள் தங்கும் விடுதியில் 30 கிலோ வாஷர் எக்ஸ்ட்ராக்டர் (துவைத்துப் பிழியும் பெரிய மெஷின்) இருக்கிறது. கன்ட்ரோல் போர்டு கருகிப்போய் புதிது வாங்கி மாட்டினோம். கொஞ்ச நாளில் அதுவும் அதே மூலையில் கருகிவிட்டது. போர்டே தரமில்லாமல் வருகிறதா? இன்னொன்று வாங்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

இப்போதைக்கு வாங்காதீர்கள். இரண்டு போர்டும் ஒரே மூலையில் கருகியிருந்தால், அந்த மூலையிலிருந்து கிளம்பும் வயர் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். சுடுதண்ணீர் வால்வு, பச்சைத்தண்ணீர் வால்வு, டிரெயின் வால்வு, ஸ்டீம் வால்வு, கதவுப் பூட்டு இவற்றுக்கெல்லாம் கரண்ட் போவது போர்டில் இருக்கும் சின்னச் சின்ன ரிலே அல்லது டிரையாக் எனும் மின் ஸ்விட்ச்கள் வழியாகத்தான். வால்வைத் திறக்கும் காயிலுக்குள் (கம்பிச் சுருள்) ஈரம் இறங்கி உள்ளே ஷார்ட் ஆனால் அது இழுக்கும் கரண்ட் தாறுமாறாக ஏறும், ரிலே ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் போர்டில் இருக்கும் செம்புத் தடமே எரிந்துவிடும். காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புது போர்டை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மெயினை ஆஃப் செய்து, காயிலின் வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சுடுதண்ணீர் வால்வும் பச்சைத்தண்ணீர் வால்வும் ஒரே மாதிரி வால்வாக இருந்தால் வேலை சுலபம்: ஒன்று மற்றதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் அதுதான் குற்றவாளி. காயிலுக்கும் எர்த்துக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மெகர் (அதிக வோல்ட் கொடுத்து மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைப்பதாக இருந்தால் போர்டையும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரையும் கண்டிப்பாகக் கழற்றிவிட்டு வையுங்கள், மெகரின் 500 வோல்ட்டை அவற்றில் இருக்கும் ஐ.சி. சிப்புகள் தாங்காது.

கருகியது கரண்ட் உள்ளே நுழைகிற பக்கம் என்றால் கதை வேறு. நியூட்ரல் லூஸாக இருக்கிறதா, ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவரில் நியூட்ரல் ஒழுங்காக மாறுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரும். அப்புறம், பானல் கதவின் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரக்காற்றும் துணிப் பஞ்சும் சேர்ந்து போர்டின் மேல் படிந்தால் கரண்ட் கசிய அதுவே போதும்.

புது போர்டு போட்ட பிறகு துவைப்பது நன்றாக இருக்கிறது. ஸ்பின் வந்தால் தரையே அதிர்கிறது. ஃபவுண்டேஷன் போய்விட்டது, உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் டெக்னீஷியன். இத்தனை வருடம் இதே தரையில்தான் ஓடியது.
– ஹோட்டல் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர், கோவை

இன்றைக்கே ஸ்பின்னை நிறுத்துங்கள், சிமெண்டுக்கு அப்புறம் சொல்லலாம். போர்டு மாற்றியதும் ஆரம்பித்த கோளாறு என்றால் முதல் சந்தேகம் செட்டிங் மேல்தான் வர வேண்டும்.

ஒரே போர்டைப் பல அளவு மெஷின்களுக்குப் போடுகிற கம்பெனிகள் உண்டு. புதிதாக வரும் போர்டுக்குத் தான் எந்த மெஷினில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. மாடல், டிரம் அளவு, ஸ்டீமா ஹீட்டரா, தரையில் நேரடியாக போல்ட் போட்டதா ஸ்பிரிங்கில் நிற்பதா எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். சில போர்டில் டிப் ஸ்விட்ச் (போர்டின் மேலேயே இருக்கும் குட்டி ஸ்விட்ச் வரிசை), சிலவற்றில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகும் சர்வீஸ் மெனு.

இதில் தப்பினால் என்ன ஆகும் என்று கணக்காகவே பார்ப்போம். 90 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால் துணி மேல் விழும் விசை சுமார் 126 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 126 மடங்கு. அதே டிரம் 900 சுற்றில் போனால் 407 ஜி. வேகம் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை, விசை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. 400 ஜி என்பது பெரும்பாலும் ஸ்பிரிங்கில் நிற்கும் மெஷின்களுக்கானது. தரையில் போல்ட் போட்ட, அதற்கென்று செய்யப்படாத மெஷினை அந்த வேகத்தில் விட்டால் பேரிங், ஷாஃப்ட், போல்ட் எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் நிற்கிற இடம் அது.

மெஷினின் பெயர்ப் பலகையில் அதிகபட்ச சுற்று போட்டிருக்கும். போர்டில் இருப்பது அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இன்வெர்ட்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்குச் சொந்த நினைவகம் உண்டு: அதிகபட்ச ஃப்ரீக்வென்சி, மோட்டாரின் ஆம்பியர், வேகம் ஏற இறங்க எடுக்கும் நேரம். இன்வெர்ட்டர் மூடியைத் திறக்கும் முன் கரண்டை நிறுத்தி, மூடியில் எழுதியிருக்கும் நிமிடங்கள் காத்திருந்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 415 வோல்ட் லைனில் உள்ளே கெப்பாசிட்டரில் 580 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், ஆளைக் கொல்லும்.

மெஷின் அதிகம் ஆடினால் அதை நிறுத்தும் அதிர்வு ஸ்விட்சின் வயரையும் பாருங்கள். புது போர்டில் அந்த இன்புட்டை யாராவது ஜம்பர் போட்டு (ஸ்விட்சைத் தவிர்த்து வயரை நேராக இணைத்து) விட்டிருந்தால் எவ்வளவு ஆடினாலும் மெஷின் தானாக நிற்காது. எல்லாம் சரியான பிறகு துணி இல்லாமல் மெதுவாக இரண்டு பக்கமும் சுற்றவிட்டு, பிறகு குறைந்த ஸ்பின், அதற்குப் பிறகு முழு ஸ்பின் என்று போங்கள். ஸ்கிரீன் காட்டும் சுற்றை நம்பாமல் டேகோமீட்டர் (சுற்று வேகம் அளக்கும் கருவி) வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மருத்துவமனைத் துணி துவைக்கிறோம். போர்டு மாற்றியதிலிருந்து ஸ்கிரீனில் 71 டிகிரி காட்டுகிறது, துணி அவ்வளவு சூடாக வருவதில்லை.
– வாசகி, மதுரை

இதைத் தள்ளிப்போடாதீர்கள், நோயாளி படுக்கிற விரிப்பு இது. பிரிட்டனின் மருத்துவமனைச் சலவை விதி 65 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் கேட்கிறது, சூடு துணி முழுக்கப் பரவும் நேரம் அதற்கு மேல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறது.

உங்கள் மெஷினில் பி.டி. 100 என்ற வெப்பநிலை சென்சார் இருந்தால், ஒரு டிகிரிக்கு அதன் மின்தடை 0.385 ஓம்தான் மாறும். இரண்டு வயர் இணைப்பில் போர்டு மாற்றும்போது கனெக்டர் சரியாக உட்காராமல் 2 ஓம் கூடினால் போதும், ஸ்கிரீன் 5 டிகிரி அதிகமாகக் காட்டும், தண்ணீர் 66-லேயே நின்றுவிடும். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். சர்வீஸ் மெனுவில் சென்சார் வகை சரியா என்று பாருங்கள். தண்ணீர் புகாத டெம்பரேச்சர் லாகர் (வெப்பநிலையை நேரத்தோடு பதிவு செய்யும் கருவி) ஒன்றைத் துணியோடு சேர்த்துப் போட்டு ஒரு முழு ஓட்டம் விட்டால் உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். அதுவரை அந்த மெஷினில் ஆபரேஷன் தியேட்டர் துணி போட வேண்டாம்.

புது போர்டு டோர் எரர் காட்டிக்கொண்டே இருக்கிறது. லாக் வயரை நேராக இணைத்துவிட்டால் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. சுற்றும் டிரம்மில் துணி கையைச் சுற்றி இழுத்தால் கை போய்விடும். போர்டில் லாக் இன்புட் சாதாரணமாக மூடிய வகையா (ஸ்விட்சை அழுத்தாதபோது தொடர்பு இருப்பது) திறந்த வகையா (அழுத்தினால்தான் தொடர்பு வருவது) என்று செட்டிங்கில் பாருங்கள், பழைய போர்டும் புதியதும் இதில் மாறியிருக்கலாம். அது சரியாக இருந்தால் லாக்குக்குள் இருக்கும் மைக்ரோ ஸ்விட்சை மாற்றுங்கள். அது வந்து சேரும்வரை மெஷின் நிற்கட்டும்.