மல்யுத்த ரசிகர்கள் எதை வாசிக்கலாம்? கேள்வி-பதில்

கேள்வி: சிறுவயதில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனம்) கார்டு சேர்த்தவன் நான். ஆங்கில நூல்கள் வாசித்து அதிகம் பழக்கமில்லை. எதில் தொடங்குவது?

பதில்: மல்யுத்த வீரர் மிக் ஃபோலியின் ‘ஹாவ் எ நைஸ் டே’ நூலில் தொடங்குங்கள். 1999-இல் வெளிவந்த இத்தன்வரலாற்றை, பிறரை வைத்து எழுதாமல், ஃபோலி தம் கைப்படவே எழுதினார். அது நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. தடித்த நூல்தான், ஆனால் எதிரில் உட்கார்ந்து கதை சொல்வதுபோன்ற நடை என்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. 1998-இல் சக வீரர் அண்டர்டேக்கர் அவரை, ரிங்கைச் சூழ்ந்த கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமீது வீசிய காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கல்லூரி மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் நெடுந்தூரம் கார் ஓட்டிச் சென்று பயிற்சி பெற்றதும், இரவில் அந்தக் காரிலேயே உறங்கியதும், 1994-இல் மியூனிக் நகரில் வேடர் (Vader) என்னும் வீரருடன் மோதுகையில் கழுத்து ரிங் கயிறுகளில் சிக்கி வலது காதை இழந்ததும் அந்தக் காட்சிக்கு முந்தைய கதை. அதை அறிந்தபின் பழைய காணொளிகளை நீங்கள் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கேள்வி: 1997 மாண்ட்ரியல் சம்பவத்தின் உண்மையை எந்த நூலில் அறியலாம்?

பதில்: ஒரே நூலில் அறிய முடியாது, இரண்டை அருகருகே வைத்து வாசிக்க வேண்டும். அந்த நவம்பர் 9 அன்று நடந்த சாம்பியன் பட்டப் போட்டியில் ஷான் மைக்கேல்ஸ் பிடித்த பிடிக்குப் பிரெட் ஹார்ட் பணியவே இல்லை. ஆனாலும் டபிள்யூடபிள்யூஎஃப் உரிமையாளர் வின்ஸ் மெக்மேன் மணியடிக்கச் சொல்ல, முன்பே பேசி வைத்த முடிவுக்கு மாறாகப் பட்டம் கைமாறியது. பிரெட்டின் ‘ஹிட்மேன்’ (2007) நான் மிகவும் மதிக்கும் மல்யுத்த நூல். பயண நாள்களில் அவர் ஒலிநாடாவில் பேசிப் பதிந்துவைத்த நாட்குறிப்பே அதற்கு அடிப்படை என்பதால், பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதும் நூல்களில் காணாத நுணுக்கம் அதில் உண்டு. ஆயினும் அது காயம்பட்டவரின் வாக்குமூலம். எனவே, அந்தத் திட்டம் தமக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஒப்புக்கொள்ளும் மைக்கேல்ஸின் ‘ஹார்ட்பிரேக் அண்ட் ட்ரையம்ஃப்’ நூலையும் அவசியம் வாசியுங்கள். மல்யுத்த வீரர்கள் கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். தம் பக்கத்து நியாயத்தை அழகாகச் சொல்லத் தெரிந்தவர்கள். ஒருவரது தன்வரலாற்றை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: டபிள்யூடபிள்யூஎஃபின் போட்டி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ ஏன் வீழ்ந்தது?

பதில்: ஆர்.டி. ரெனால்ட்ஸும் பிரையன் ஆல்வாரெஸும் எழுதிய ‘தி டெத் ஆஃப் டபிள்யூசிடபிள்யூ’ விறுவிறுப்பான நூல். பார்வையாளர் எண்ணிக்கையில் தொடர்ந்து 83 வாரங்கள் டபிள்யூடபிள்யூஎஃபின் ‘ரா’ நிகழ்ச்சியை முந்திய ‘நைட்ரோ’ நிகழ்ச்சியின் நிறுவனம் 2001 மார்ச்சில் போட்டியாளரிடமே விற்கப்பட்டது எப்படி என்பதை, மேடையில் எடுக்கப்பட்ட தவறான முடிவுகளைக் கொண்டு அது விளக்குகிறது. நிர்வாகத்தில் நடந்தவற்றை, குறிப்பாகத் தாய் நிறுவனமான டைம் வார்னர் இணைய நிறுவனமான ஏஓஎல்லுடன் இணைந்ததையும் தொலைக்காட்சி நேரம் பறிபோனதையும், கை எவன்ஸின் ‘நைட்ரோ’ நிதானமாக ஆராய்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எவன்ஸை வாங்குங்கள்.

கேள்வி: முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்ல உதவும் நூல் உண்டா?

பதில்: உண்டு. பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1957-இல் வெளியிட்ட ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பின் முதற்கட்டுரையே மல்யுத்தம் பற்றியதுதான். இது விளையாட்டன்று, நிகழ்த்துகலை என்றும், துன்பமும் தோல்வியும் நீதியும் ரசிகர் கண்முன் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதே இதன் இன்பம் என்றும் அவர் வாதிடுகிறார். சில பக்கங்களே கொண்ட கட்டுரை. வீட்டாரையே வாசிக்கச் சொல்லலாம்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளுக்கு ஏதேனும்?

பதில்: மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் வாழ்க்கையைப் பாக்ஸ் பிரவுன் சித்திரக்கதையாக வரைந்த ‘ஆந்த்ரே தி ஜெயண்ட்’ (2014) நூலை நீங்கள் முதலில் படித்துப் பார்த்து, பிறகு சேர்ந்து வாசியுங்கள், மது, நோய் பற்றிய பக்கங்கள் அதில் உள்ளன. மல்யுத்த வீராங்கனை ஏஜே லீயின் ‘கிரேஸி இஸ் மை சூப்பர்பவர்’ வறுமையையும் மனநோயையும் ஒளிவின்றிப் பேசும் அருமையான நூல். அதை இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கொடுங்கள்.