காட்டுப் பாதைக்கு டெல்லியின் அனுமதி எதற்கு?

வணக்கம். நீலகிரியின் கூடலூர் அருகே உங்கள் ஊருக்குச் செல்லும் 400 மீட்டர் மண்பாதை காட்டு நிலத்தில் வருவதால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தார் போட இயலாது என்று ஊராட்சியில் கூறியதாகவும், காடு மாநிலத்துடையதுதானே என்றும் கேட்டிருந்தீர்கள்.

நிலம் மாநிலத்துடையதுதான், அதிகாரம்தான் பங்கு போடப்பட்டுவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் வந்த அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் காட்டை மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதன் பிறகு வந்த 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு விடுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெறும்படி மாநிலங்களைக் கட்டுப்படுத்தியது. 1996-இல் 'காடு' என்ற சொல் அரசு அறிவித்த காடுகளை மட்டும் குறிக்காது, அதற்கு அகராதிப் பொருளே கொள்ளப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் பிடி இன்னும் இறுகியது. அவ்வழக்கே நம் கூடலூர்ப் பகுதியின் மரவெட்டிலிருந்து கிளம்பியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த வழக்கும் நம்மூர் ஜன்மம் (பழைய பரம்பரை நிலவுடைமை) நிலத்தில்தான் முளைத்தது. நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களுக்குக் காப்பளிக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் 24.4.1973-க்குப் பின் சேர்க்கப்பட்ட சட்டங்களையும், திருத்தத்தாலும் மாற்ற முடியாத அடிப்படைக் கட்டமைப்பை உரைகல்லாகக் கொண்டு ஆராயலாம் என்று 2007-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

உங்கள் பாதைக்கு வருகிறேன். ஊரில் பழங்குடியினரோ பரம்பரை வனவாசிகளோ இருந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமும், ஹெக்டேருக்கு 75-க்கு மேற்படாத மரங்களை வெட்டுவதும் போதுமென்றால், கிராம சபையின் பரிந்துரையோடு அரசுச் சாலைக்கு வழியுண்டு. 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தடையாகாது. நான்கு மீட்டர் அகலம் என்றாலும் உங்களுடையது 0.16 ஹெக்டேர்தான். எங்கள் ஊரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடாமலே மனு எழுதியதால், கொட்டிய ஜல்லி இரண்டு மழைக்காலம் பாசி பிடித்துக் கிடந்தது. ஆகவே கிராம சபைத் தீர்மானத்தில் பிரிவு எண்ணையும் பரப்பளவையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.