கீசர் சுவிட்சுக்கு ஒரு பொட்டு

கேள்வி: சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். நான், கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். உறவில் ஒரு கல்யாணத்துக்காகக் கணவரின் பெரியப்பாவும் பெரியம்மாவும் தென்காசியிலிருந்து வந்து ஐந்து நாள் தங்கப் போகிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுக்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு லீவு கிடையாது. குறை இல்லாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: அறையைக் கொடுங்கள், சரி. ஹாலில் மட்டும் படுக்காதீர்கள். அந்த வயதில் பலருக்கு நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஹாலில் நீங்கள் தூங்குவது தெரிந்தால், கதவைத் திறந்தால் எழுந்துவிடுவீர்களே என்று ஆறரை வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மகன் அறையில் பாயைப் போட்டுக்கொள்ளுங்கள். பையன் முணுமுணுப்பான், ஐந்து நாள்தானே.

உங்கள் துணிமணி, ஆபீஸ் பை, சார்ஜர் எல்லாவற்றையும் முதல் நாளே அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். "ஒரு நிமிஷம் பெரியம்மா, புடவை எடுத்துக்கிறேன்" என்று காலையில் கதவைத் தட்டினால் அது இன்னும் உங்கள் அறைதான். பீரோவில் கிடந்த போர்வைகளில் பாச்சா உருண்டை வாசனை இருக்கும். துவைத்து ஒரு நாள் வெயிலில் போடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்த அத்தை, மார்கழி மாதத்தில் மூன்று நாளும் பச்சைத் தண்ணீரிலேயே குளித்திருக்கிறார். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, ஒரே மாதிரி இருக்கும் நாலு சுவிட்சுகளில் ஒன்று. எதையாவது அமுக்கி ஏதாவது ஆகிவிட்டால் என்று விட்டுவிட்டாராம். கிளம்பும் நாளில்தான் பேச்சுவாக்கில் வெளியே வந்தது. இத்தனைக்கும், "எது வேணும்னாலும் கேளுங்க அத்தை" என்று வந்த அன்றே நான் சொல்லியிருந்தேன்.

கேட்கச் சொன்னால் கேட்க மாட்டார்கள். அதனால், வந்து காபி குடித்து முடித்ததும் வீட்டை ஒரு சுற்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். கீசர் சுவிட்சில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு, பெரியம்மாவையே போடச் சொல்லுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால் நன்றாகச் சூடாகக் கால் மணி நேரம் ஆகும், அதையும் சொல்லிவிடுங்கள். எந்தக் குழாயில் சுடுதண்ணீர், குடிக்கிற தண்ணீர் எது, மின்விசிறி ரெகுலேட்டர் எது, எல்லாம் இதே சுற்றில் முடிந்துவிடும். ஏசி ரிமோட்டை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நமக்கு இதமான 24 டிகிரி அவர்களுக்கு நடுக்கமாக இருக்கலாம். 27 வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொண்டால் போதும்.

இரவில்தான் அதிகக் கவனம் தேவை. பாத்ரூம் போகும் வழியில் ஒரு நைட் லேம்ப் எரியட்டும். கடைசியாகப் போகிறவர் தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். குளிக்க உட்கார, ஆடாத பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. கட்டில் பக்கத்தில் சொம்பில் தண்ணீர்.

சாப்பாட்டு நேரத்தை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நாம் ஒன்பதரைக்குச் சாப்பிடுவோம், அவர்களுக்கு ஏழரைக்கே பசிக்கும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் என்றால் நேரம் தவறக் கூடாது. உங்களுக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

லீவு இல்லை என்று வருத்தப்பட வேண்டாம். பகலில் வீடு அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். ஒரு சாவி கொடுத்து, வாட்ச்மேனிடம் சொல்லிவையுங்கள். உங்கள் இருவர் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். டிகாக்ஷன் இறக்கி, லைட்டர் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். சாயங்காலம் பெரியம்மா கீரை ஆய்ந்து வைத்திருந்தால், "ஐயோ, நீங்க ஏன்" என்று பதறாமல் வாங்கிச் சமையுங்கள். சும்மா உட்கார வைப்பது அவர்களுக்குப் பெரிய தண்டனை.

அப்புறம், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது சங்கடம்தான். ஆனால் ரிட்டர்ன் டிக்கெட் எந்த ரயிலில் என்று கேட்கலாம். "ஸ்டேஷனுக்கு நான் வரேன், ராத்திரிக்குப் புளியோதரை கட்டித் தரேன்" என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.