சோளகத்தில் காணாமற்போகும் மண்ணுயிரிகள்: செத்தனவா, கீழே போயினவா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் கிணற்றுத் தண்ணீரில் மிளகாய் செய்கிறேன். மாரியில் வைக்கோல் மூடாக்கைக் கிளப்பினால் வெள்ளையாகத் துள்ளும் சிறு பூச்சிகள் நிறைய இருக்கும். சோளகம் (வறண்ட தென்மேற்குக் காற்று) பிறந்த பின் ஒன்றுமில்லை. வெப்பமும் வறட்சியும் குளிர்நாட்டுப் பீட் சதுப்புகளில் மண்ணுயிரிகளைக் குறைக்கின்றன என்று வாசித்தேன். என் தோட்டத்திலும் அதுவா? எப்படிச் சோதிப்பது?

பதில்: அவை ஸ்பிரிங்டெயில்கள். வயிற்றடியில் மடித்து வைத்திருக்கும் கவட்டை போன்ற உறுப்பை நிலத்தில் அடித்துத் துள்ளும். பெரும்பாலானவை பூஞ்சணமும் உக்கலும் தின்பவை, பயிருக்குப் பகையல்ல. தோல் மெல்லிது, உடல் நீர் அதனூடாகச் சுலபமாகப் போய்விடும். எனவே சூட்டை விட ஈரமின்மையே அவற்றுக்கு எமன்.

பீட் நிலத்திலும் பெரும்பாலும் இதே கதைதான். அது முழுதாக உக்காத பாசியும் புல்லும் படிந்த நிலம். உலகத் தரையில் ஏறக்குறைய 3 சதவீதம்தான், ஆனால் மண்ணிலுள்ள கரிமத்தில் மூன்றிலொரு பங்களவு அதற்குள் கிடக்கிறது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒட்சிசன் இல்லாததால் உயிரிகள் மேல் 10 சென்ரிமீற்றருக்குள் நெருங்கி வாழ்கின்றன. ஈரம் இருக்க, சூடு மட்டும் சற்றுக் கூடினால் என்கைற்றிட் என்னும் வெண்புழுக்கள் பெருகவும் கூடும். மேற்படை காய்ந்தாலோ முதலில் அடிபடுவதும் அவைதான். ஓடு தடித்த ஒரிபாட்டிட் என்னும் சிறு மண் உண்ணிகள் தாக்குப்பிடிக்கும், ஆனால் மெதுவாகவே இனம்பெருக்குவதால் ஒருமுறை அழிந்தால் திரும்பக் காலமெடுக்கும். (மிளகாய் இலையைச் சுருட்டும் மைற்றா என்னும் உண்ணி வேறு, இவற்றைக் கண்டு மருந்தடிக்க வேண்டாம்.) அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பீட் நிலத்தை 9 பாகை செல்சியஸ் வரை கூடுதலாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். அங்கே சூடு கூடக் கூட ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசியே அருகிப் போனது.

உங்கள் தோட்டத்தில் கீழே இறங்க நீர்மட்டம் தடையில்லை. தடை மண்ணின் இறுக்கம். ஸ்பிரிங்டெயில் மண் தோண்டாது, இருக்கிற துவாரங்கள் வழியேதான் நடக்கும். செங்கபில மண் காய்ந்தால் கல்லாகும். டிராக்டர் சில்லு மிதித்த இடத்தில் வழியே இராது. ஆகவே மேலே காணவில்லை என்பதால் செத்துவிட்டன என்று முடிவெடுக்க முடியாது.

விரைவுச் சோதனைக்கு, செடியடியில் 0–5, 5–15 சென்ரிமீற்றர் ஆழங்களில் தனித்தனியாக ஒரு கைப்பிடி மண் எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாகக் கரைத்து 10 நிமிடம் விடுங்கள். ஸ்பிரிங்டெயிலின் தோலில் நீர் ஒட்டாது, மேலே மிதக்கும். உண்ணிகளில் பல இதில் தப்பிவிடும்.

அவற்றையும் எண்ண வேண்டுமானால் புனல் முறை. 5 லீற்றர் பிளாஸ்ரிக் கானின் மேற்பாதியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே 2 மில்லிமீற்றர் கண் வலை வையுங்கள். 2 அங்குலக் குழாயை அடித்து எடுத்த மண்ணை உடைக்காமல், மேற்பக்கம் கீழே பார்க்க வலையில் வையுங்கள். உயிரிகள் தாம் வந்த துவாரத்தாலேயே வெளியேறும். மண் புனலின் சுவரில் முட்டினால் சுவர் வியர்த்து அவை ஒட்டிக்கொள்ளும். அடியில் 70 சதவீத அற்ககோல் உள்ள போத்தல். மேலே 40 வாற் குண்டு பல்பு, எல்.ஈ.டி. போதிய சூடு தராது. முதல் நாள் பல்பை உயர்த்திக் கட்டி, பிறகு நாளுக்கு நாள் இறக்குங்கள். எடுத்தவுடன் கடுஞ்சூடு கொடுத்தால் மெதுவாக நகர்பவை உள்ளேயே காய்ந்துவிடும். 5 முதல் 7 நாள் போதும். மண்ணைப் பையில் கட்டி மோட்டார் சைக்கிளில் வெயிலில் தொங்கவிட்டு வந்தால் இத்தனையும் வீண்.

பாதுகாப்புக்கு முதல் வேலை, வைக்கோலை எரிக்காமல் 5–7 சென்ரிமீற்றர் தடிப்பில் மூடாக்கு இடுவது. காண்டாவனத்துக்கு (சித்திரை–வைகாசிக் கடும் வெயிலுக்கு) முன்பே போட்டுவிடுங்கள், காய்ந்த மண்ணை மூடுவதில் பயன் குறைவு. தண்ணீரை ஒரேயடியாகப் பாய்ச்சாமல், அதே அளவை இரண்டாகப் பிரித்து மாலையில் விடுங்கள். வேலியோரம் மரநிழலில் ஒரு மீற்றர் அகலத்துக்கு உழாமல் சருகோடு விடுங்கள், மழை பெய்ததும் அங்கிருந்துதான் பாத்திக்குப் பரவும். பச்சைச் சாணம் வேண்டாம், அதிலிருந்து கிளம்பும் அமோனியா இவற்றுக்கு ஆகாது. உக்கிய எரு இடுங்கள்.

காலபோக மழை விழுந்து மண் தொடர்ந்து நனைந்திருந்தால், வேகமாகப் பெருகும் ஸ்பிரிங்டெயில் இனங்கள் 4–6 கிழமையில் கண்ணில் படும். மார்கழியிலும் வாளியில் ஒன்றும் மிதக்காவிட்டால் வறட்சியை விட்டுவிட்டு, மண்ணில் இட்ட பூச்சிநாசினியைச் சந்தேகியுங்கள். மருந்தே படாத வேலியோர மண்ணையும் அதே வாளிச் சோதனையில் போட்டு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.